சுத்தமான பொலிஸ் ரிப்போட்

இங்கிலாந்தில் நான் உதவியாளராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், மதியச் சாப்பாட்டுக்குக் கரட் வெட்ட வருகிற பெண்ணைக்கூட முன்வரலாறு விசாரித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நாவலப்பிட்டியில் பதினொரு வருடம் படிப்பித்த என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அலுவலகத்தில் இருக்கும் லிண்டா ஒருநாள், "உங்கள் ஊரில் ஆசிரியர்மேல் முறைப்பாடு வந்தால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள். "ட்ரான்ஸ்பர் செய்வார்கள்" என்றேன். "பொலிஸுக்கா?" "இல்லை, வேறு பள்ளிக்கூடத்துக்கு." நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

மகேந்திரன் சேரை அப்படித்தான் அனுப்பினார்கள். கணித ஆசிரியர். நெற்றி நிறையத் திருநீறு. மேடை கிடைத்தால் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வகுப்பு முடிந்தபின் தனியே நிறுத்திவைத்துத் தகாத விதத்தில் தொட்டிருக்கிறார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து அதிபர் அறையில் நின்றார். உட்காரச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. புள்ள இஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுவுது" என்று என்னைப் பார்த்தார்.

அதிபர் முந்திக்கொண்டார். "பொலிஸ் அது இதுன்னு போனா ஒங்க புள்ள பேருதான் கெட்டுப்போகும். அவர மாத்திடுறோம். அதோட விடுங்க."

விசாரணைக் கடிதத்தில் 'நான் எதையும் காணவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பொய்யில்லை. அவர் பிள்ளைகளை நிறுத்திவைப்பது தெரிந்து, அந்தப் பக்கமே போகாமல் இருந்தவள் எதைக் காண்பாள்? சேருக்குப் பொன்னாடை போர்த்திக் கடுகண்ணாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வழியனுப்பினோம். நானும் கைதட்டினேன். அடுத்த தவணைக்குப் பள்ளி திறந்தபோது அந்தப் பிள்ளை வரவில்லை.

இந்த வருடம் அவர் வட்ஸ்அப்பில் அழைத்தார். வேலையை விட்டுவிட்டு இங்கே மகனோடு குடியேறப்போகிறாராம். எங்கள் நகரத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்க விண்ணப்பித்து, சான்று சொல்ல என் பெயரையும் கொடுத்திருந்தார். "தங்கச்சி, பொலிஸ் ரிப்போட் எல்லாம் சுத்தம். நீங்க ஒரு நல்ல வார்த்த எழுதினா போதும்."

சுத்தமாகத்தான் இருக்கும். பொலிஸுக்குப் போகவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள்தானே.

அந்தப் பள்ளி அனுப்பிய படிவத்தில், இவர் பிள்ளைகளோடு பழகக்கூடாது என்பதற்குக் காரணம் ஏதும் தெரியுமா என்று ஒரு கேள்வி. அன்று நான் வைத்த கையெழுத்து உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். அவரை எடுக்கவில்லை. தமிழச்சியே தமிழனைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பயணத்தைக் கைவிட்டு, கடுகண்ணாவைப் பள்ளியிலேயே இருந்துவிட்டார். இப்போது பிரதி அதிபர்.

கண்டியில் உள்ள கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுதுவினைஞர் பொறுமையாகக் கேட்டார். "அது ட்ரான்ஸ்பரோட முடிஞ்ச விசயம் மிஸ். நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"இங்கிலாந்துல."

"அப்ப ஒங்களுக்கு ஏன் மிஸ் இது?"

எழுத்திலும் அனுப்பினேன். பதில் இல்லை.

கோடையில், காலை ஒன்பது மணிக்கு வாசலில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணி உள்ளே எடுக்கிறேன். அங்கே கடுகண்ணாவையில் அப்போது பகல் ஒன்றரை, பள்ளி விடும் நேரம். இங்கே எண்ணிக்கை ஒருநாளும் தவறியதில்லை. அங்கே எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா, யாராவது ஒருத்தி இன்னும் வகுப்பில் நிற்கிறாளா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது.