தூக்குவாளிக்கு ஒரு டிக்கி

ஜெயசெல்வி டீச்சரின் பட்டுச்சேலைகளில் சாம்பார் படாத சேலை ஒன்றுகூடக் கிடையாது. அதற்காக அவரைச் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. மில்லர்புரத்தில் அவரைப் போல நறுவிசாக உடுத்துகிறவர்கள் குறைவு. எல்லாம் அந்த அசனத்தால் வந்த வினை.

நாசரேத்துக்குப் பக்கத்தில் அவர்கள் சொந்த ஊரில் கிறிஸ்தவக் கோவில் பண்டிகை முடிந்ததும் சபையார் எல்லாருக்கும் பந்தி போடுவார்கள். அதுதான் அசனம். சாப்பிட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தால் மரியாதை இல்லை. வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சாம்பார் வாங்கி வர வேண்டும். இவர்கள் கொண்டுபோகும் தூக்குவாளியில் ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

அதை டிக்கியில் வைக்கக் கூடாதா என்றால், வைக்க முடியாது. டீச்சரின் கணவர் சத்தியராஜ் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் கன்டெய்னருக்குள் பெட்டி அடுக்குவதை மேற்பார்வையிடுபவர். காலி இடம் இருந்தால் சரக்கு ஆடும் என்பது அவருடைய வேதவாக்கு. பழைய காரின் டிக்கியைத் தேங்காய், வாழைத்தார், முருங்கைக்காய் என்று எறும்பு நுழைய இடமில்லாமல் அடைத்துப் பெருமையாகச் சாத்துவார். பிறகுதான் வாளி ஞாபகம் வரும்.

"மடியில வச்சிக்கோ ஏளா. இந்தா, ஒரு எட்டுல போயிருவோம்."

ஆழ்வார்திருநகரி வேகத்தடையில் மூடி துள்ளும். சேலை போச்சு.

டீச்சருக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் சாவி சத்தியராஜின் பையிலேயே குடியிருந்தது. "யாரு வேணும்னாலும் கார் ஓட்டலாம். வாளி பிடிக்க உன்னாலதான் முடியும்" என்று ஐஸ் வைப்பார். டீச்சரும் வேறு வழியில்லாமல் சில வருடங்களாகச் சாம்பார் நிறத்திலேயே சேலை எடுத்து வந்தார்.

புதிதாக ஒரு சொகுசு எஸ்யூவி வாங்கலாம், சின்ன சைஸில், என்று பேச்சு வந்ததும் டீச்சர் சொல்லிவிட்டார். "வாளிக்கு டிக்கியில இடம் இருக்கணும், அத்தான். இனிமே என் மடியில ஒண்ணும் வரக் கூடாது." சொன்ன கையோடு கடைக்குப் போய்ச் சந்தன நிறத்தில் ஒரு பட்டு எடுத்தார். அந்தச் சேலையை எப்படியாவது காப்பாற்றியே தீருவது என்று இருந்தார்.

ஷோரூமுக்கு சத்தியராஜ் அளவு டேப்போடும் ஏழெட்டு அட்டைப்பெட்டிகளோடும் போனார். டீச்சர் வாளியோடு போனார். விற்பனைப் பையன் செல்வின் மிரண்டு போனான்.

"அண்ணாச்சி, இந்த வெள்ளை வண்டிக்கு டிக்கி ஐந்நூறு லிட்டர். நீலத்துக்கு நானூத்தி அம்பதுதான்."

"லிட்டர்ல சொல்லுதியே தம்பி, தண்ணி ஊத்திப் பாத்தியளோ?"

"பின் சீட்ட மடக்குனா ரெண்டு மடங்கு வரும், அண்ணாச்சி."

சத்தியராஜின் முகம் மலர்ந்தது. "அப்போ என்னையும் சேத்து மடக்குவியளா?" என்று டீச்சர் கேட்டதும் வாடியது.

பெட்டிகளை அடுக்கிப் பார்த்தார்கள். வெள்ளை வண்டியில் சக்கரத்துக்கு மேலே இருபுறமும் தகடு புடைத்துக்கொண்டு நின்றது. ஐம்பது லிட்டர் கூடுதலாம், அது கூரையை ஒட்டி உயரத்தில்தான் இருந்தது. வாளி சாய்ந்து சாய்ந்து விழுந்தது. நீல வண்டியில் தரை சமமாக இருந்தது. ஓரத்தில் தூக்குவாளிக்கென்றே அச்செடுத்த மாதிரி ஒரு பள்ளமும் இருந்தது. வாளி அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வின் அவசரமாக ஏசியைக் குறைத்தான்.

நீல வண்டி வந்தது. அசனமும் வந்தது. சந்தனப் பட்டில் டீச்சர் கல்யாணப் பெண் மாதிரி இருந்தார். திரும்பும்போது சத்தியராஜ் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். உள்ளே தேங்காய் இல்லை, வாழைத்தார் இல்லை, ஒரு முருங்கைக்காய்கூட இல்லை. வெண்ணெய் நிறத்தில் புதுக் கார்ப்பெட் மட்டும் மின்னியது.

"ஏளா, கார்ப்பெட்டுல சாம்பார் வாடை ஏறுனா போவாது. இந்த ஒரு தடவை மட்டும்..."

டீச்சருக்கு வந்த கோபத்தில் வாளியே கொதித்திருக்கும்.

"ஒண்ணு, வாளி டிக்கியில வரும், இல்லன்னா உங்க மடியில வரும். எப்படி வசதி?"

சத்தியராஜ் கார்ப்பெட்டைப் பார்த்தார். தன் வெள்ளைப் பேன்ட்டைப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, வாளியைக் கட்டிக்கொண்டு இடதுபக்கம் ஏறினார்.

டீச்சர் நன்றாகவே ஓட்டினார். வேகத்தடையில் சத்தியராஜைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏற்றினார். ஆனாலும் மூடி தன் வழக்கத்தை விடவில்லை.

"ஐயோ! சுடுது ஏளா, சுடுது!"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான் சுடுது, அத்தான்."

கொஞ்ச தூரம் போனதும் சத்தியராஜ், "ஓரமா நிப்பாட்டு" என்றார். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, வாளியைப் பள்ளத்தில் உட்கார வைத்தார். கார்ப்பெட்டில் ரெண்டு சொட்டு விழுந்தது. துடைக்காமல் சாத்தினார். பிறகு வலதுபக்கக் கதவருகே வந்து நின்றார்.

"இறங்கு. நான் ஓட்டுதேன்."

"அங்கன போய் ஏறுங்க. வீட்டுக்கு நேரமாச்சி."

சுற்றிப்போய் ஏறிக்கொண்டார். டீச்சரின் சேலையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. மடியில் ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சத்தியராஜ் மில்லர்புரம் வரை தவித்துக்கொண்டே வந்தார்.