மொம்பாசா என்று எழுதிய மூட்டைகள்

ஐம்பதுகளின் பிற்பாதியில் கிருஷ்ணகிரியில் ஒரு புளி மண்டியில் எழுத்தராக இருந்தேன். எழுத்தர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆங்கிலக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும், கட்டிய மூட்டைகளின் மேல் தகர அச்சை வைத்து, போகும் ஊரின் பெயரை நீல மையால் பதிப்பதும்தான் வேலை.

தென்னாப்பிரிக்காவோடு நம் சர்க்கார் வியாபாரத்தை நிறுத்தியிருந்த காலம் அது. நிறத்தைக் காட்டி நம்மவர்களை அங்கே கேவலமாக நடத்தினார்கள் என்பதற்காக. எங்கள் முதலாளி கதர்தான் உடுத்துவார். அந்தத் தடையை ஆதரித்துக் கூட்டம் போட்டு ஒரு மணி நேரம் பேசியவர். அவருக்கு அந்த நாட்டு டர்பன் நகரத்திலிருந்து புளி கேட்டு ஒரு கடிதம் வந்தது. கேட்டவர் வேறு யாருமல்ல, என் அக்காவின் கணவர்தான். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த தமிழர். மூட்டையில், தடையில்லாத இன்னொரு ஆப்பிரிக்கத் துறைமுகமான மொம்பாசாவின் பெயரை எழுதிப் பம்பாய்க்கு அனுப்பினால் போதும், மொம்பாசாவிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவர ஆள் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

முதலாளி இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "வெள்ளைக்காரனா புளி கரைச்சுக் குடிக்கப் போறான்? நம்ம சனந்தானப்பா திங்கப் போவுது. எழுது" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சம்பளம் கொடுக்கிறவர் சொல்லும் நியாயம் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவர் இங்கே வந்து அவளைக் கட்டிக்கொண்டு, மூன்று மாதம் இருந்துவிட்டு, அனுமதிக் காகிதம் அனுப்பி அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், இந்தியாவில் கட்டிய மனைவியரை இனி உள்ளே விடுவதில்லை என்று அந்த நாட்டில் சட்டம் போட்டுவிட்டார்கள். மூன்று வருடமாக அவளுடைய பெட்டி பயணத்துக்குக் கட்டியபடியே கட்டிலுக்கடியில் கிடந்தது. பொழுது போக வேண்டுமே என்று, மண்டியிலிருந்து நான் எடுத்துவரும் புளியைக் கொட்டை தட்டிக் கொடுப்பாள்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்து ஒரு நாள் சொன்னேன். "அக்கா, நீ தட்டுற புளி எங்க போவுது தெரியுமா? மாமா கடைக்கு."

கட்டையைக் கீழே வைத்தாள். மொம்பாசா விஷயம் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "மூட்டைக்கு இத்தனை சுத்து வழி தெரிஞ்ச மனுசனுக்கு, எனக்கு ஒண்ணு தெரியலியாடா?" என்றாள். அதையே அவருக்கு எழுதச் சொன்னாள். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. போன தடவை புளியில் ஈரம் இருந்தது, இனி நன்றாகக் காயவைத்துக் கட்ட வேண்டும், கோது கலக்கக் கூடாது என்று ஒன்றரைப் பக்கம். கடைசியில், உன் அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று ஒரு வரி.

வாய் கூசினாலும் முழுவதையும் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. அன்று தட்டி வைத்திருந்த புளியைக் கூடையில் அள்ளிப் போட்டு, "இத்த மண்டியில குடுத்துடு. இனிமே எனக்குப் புளி எடுத்துட்டு வராத" என்றாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

மறுநாள் டர்பன் புளியை மூட்டை கட்டினார்கள். அக்கா திருப்பிக் கொடுத்ததும் அதில்தான் சேர்ந்தது. தகர அச்சைக் கையில் எடுத்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லா மூட்டையிலும் மொம்பாசா என்றே எழுதினேன்.