தங்கம்மாள் ஸ்பீக்கர்

திருப்பாதிரிப்புலியூர் உத்திராபதிக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் ஸ்பீக்கர் தேடுவார். அதிலும் பேர் போன கம்பெனி என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "விளம்பரத்துக்கே எல்லாத்தையும் செலவு பண்றவன் பெட்டிக்குள்ள என்னாத்தப் போடுவான்?" என்பது அவர் கட்சி. யாருக்கும் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு ஷெட்டில் உட்கார்ந்து உலகத்திலேயே நல்ல ஸ்பீக்கரைச் செய்துகொண்டிருக்கிறார், தான்தான் போய்க் கண்டுபிடிக்க வேண்டும் என்று உறுதியாக நம்பினார். இந்த நம்பிக்கையால் வீட்டுக்கு ஏழு ஜோடி வந்துவிட்டன. ஒன்றில் எந்தப் பாட்டைப் போட்டாலும் கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி இருக்கும். இன்னொன்று, வால்யூமைக் கூட்டியதும் தானாக நகர்ந்துபோய் மேசையிலிருந்து குதித்தது.

எட்டாவது ஜோடி சிதம்பரத்தில் கிடைத்தது. அங்கே மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பக்கிரி, ஓய்ந்த நேரத்தில் ஸ்பீக்கர் செய்வார். ஆனால் விற்கத் தெரியாதவர்.

"வாணாம் சார். கனம் ஜாஸ்தி. பஸ்ல கொண்டுபோவ முடியாது" என்றார்.

உத்திராபதிக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது. பெட்டியின் முகப்பில் பெயிண்ட்டால் 'தங்கம்மாள்' என்று எழுதியிருந்தது.

"யாரு சார் தங்கம்மாள்?"

"எங்க மாமியாரு. அவுங்க மேலவீதியில பேசுனா கீழவீதியில கேக்கும். ஒரு வார்த்த கொழப்பமா இருக்காது. அதான் வெச்சேன்."

கடலூர் பஸ்ஸில் இரண்டு பெட்டிகளையும் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

உத்திராபதியின் மனைவி இலக்கியா. அவள் தம்பி ராஜ்கமலிடம் பெரிய கம்பெனியின் வெளிநாட்டு ஸ்பீக்கர் இருந்தது. அவர் வந்து பெயிண்ட் எழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னா மாமா, கோயில் டியூப் லைட்டு மாதிரி இருக்குது. மேல 'உபயம்'னு எழுத மறந்துட்டாங்களா?"

உத்திராபதிக்குச் சுருக்கென்றது. "ஞாயித்துக்கெழம உன்னுத எடுத்துக்கினு வா மச்சான். கண்ண மூடிக்கினு கேட்டுப் பாத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடத்தின் குறுக்கே போர்வையைக் கட்டி, பின்னால் இரண்டு ஜோடிகளையும் வைத்தார்கள். வயரை மாற்றிப் போட இலக்கியா போர்வைக்குப் பின்னால் போனாள். ஃபேன் சத்தம் கூடாதென்று ஃபேனை நிறுத்தினார்கள். மாமாவும் மச்சானும் வியர்க்க வியர்க்கக் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள்.

முதலில் நாதஸ்வரம் வந்தது. பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் முணுமுணுப்பாகப் பாடும் குரல் வந்தது.

"மாமா! அந்தம்மா எதிர்ல நின்னு பாடுற மாதிரியே இருக்குது!"

"வளையல் சத்தம் கேக்குதா மச்சான்?"

"கேக்குது மாமா. என் ஸ்பீக்கர்லதான் இப்புடிக் கேக்கும்."

"போயா, இது தங்கம்மாள். கொரலு சுமாருதான். ஆனா எவ்ளோ தெளிவு பாரு!"

போர்வை விலகியது. பாதி மடித்த கைலியோடு இலக்கியா நின்றாள்.

"கரண்டு போயி பத்து நிமிஷம் ஆவுது. சும்மா இருக்கறதுக்குத் துணி மடிச்சிக்கினு இருக்கறேன். என் கொரலு சுமாரா?"

பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கும் அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை, கூடப்பிறந்தவருக்கும் தெரியவில்லை.

கரண்ட் வந்ததும், "இப்ப நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க. நான் கேக்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர்கள் வயரை மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

"ரெண்டாவதுதான் நல்லாருக்குது" என்றாள். "மொதல்ல வந்ததுல தவிலு பக்கத்துத் தெரு கல்யாணத்துல அடிக்கிறாப்புல இருக்குது. ரெண்டாவது நம்ம வூட்டுக் கல்யாணம்."

இரண்டாவது தங்கம்மாள். உத்திராபதி குதித்த குதியில் போர்வை கயிறோடு அறுந்து ராஜ்கமல் தலையில் விழுந்தது. ராஜ்கமல் நம்பாமல் இன்னும் மூன்று தடவை சோதித்தார். மூன்று தடவையும் அக்கா அதையே சொன்னாள்.

ஆனால் கணவரிடம் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அவர் மெல்ல, "உன் கொரலு நல்ல கொரலுதான் இலக்கியா" என்றார்.

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டுவிட்டு அவள் தோசையைத் திருப்பினாள்.

ராஜ்கமல் அந்த வாரமே பக்கிரிக்குப் போன் செய்தார். "முகூர்த்த மாசம் சார். கிரைண்டரு நெறைய வந்திருக்குது" என்று பக்கிரி தள்ளிப்போட, தீபாவளிக்குத்தான் பெட்டி வந்தது. இப்போது ஒரு தங்கம்மாள் மேல் ராஜ்கமலின் மனைவி சரண்யா மணிபிளான்ட் தொட்டி வைத்திருக்கிறாள். பாட்டுப் போட்டால் இலைகள் ஆடுகின்றன.