குளிசையின் இரட்டை

முதலில் வந்தது வலி இல்லை. கண்ணின் ஓரத்தில் மரம் அரியும் வாளின் பல் போல ஒரு வெளிச்சம். குறிகாட்டுவானில் இருந்து நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றிப் போன படகில் சுக்கான் என் கையில் இருந்தது. வெளிச்சம் விரிந்து பாதிக் கடலை மறைத்தது. பிறகு ஒரு பக்கத் தலை இடித்தது. சத்தி (வாந்தி) எடுத்தேன். கரை சேர்த்துவிட்டேன். எப்படி என்று தெரியாது.

யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் மைக்ரேன் (ஒற்றைத் தலையிடி) என்றார்கள். டொக்டர் நேராகச் சொன்னார்.

"மருந்துக்கு வலி கேட்டால் ஓட்டலாம், ஐயா. கேக்காட்டி சுக்கானை விடவேணும். படகில சனம் இருக்கு."

இருபத்தைந்து வருடமாக அந்தப் படகுதான் எனக்குத் தொழில்.

அங்கே அந்த மருந்தைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. சேர்ந்தேன். சுகமான நாள் ஒன்றில் குளிசை (மாத்திரை) தந்து, மணிக்கு ஒரு தரம் இரத்தம் எடுத்தார்கள். வலி வரும் நாளில் நானே குளிசையைக் குடித்து, நேரத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

எடுத்த இரத்தத்தில் வேறொன்றைச் சேர்ப்பார்களாம். அதே மருந்துதான். ஆனால் டியூற்றீரியம் (சாதாரண ஐதரசனைவிட இரண்டு மடங்கு பாரமான ஐதரசன்) வைத்துச் செய்தது. கதிர்வீச்சு இல்லை. அது என் உடம்புக்குள் வருவதும் இல்லை.

"இரட்டைப் பிள்ளையள் மாதிரி," என்றார் டொக்டர். "ஒண்டு கொஞ்சம் பாரம். அதை எவ்வளவு சேத்தம் எண்டு எங்களுக்குத் தெரியும். மெசின் ரெண்டையும் பிரிச்சுக் காட்டும். அதை வைச்சு, நீங்கள் குடிச்சதில எவ்வளவு இரத்தத்தில நிக்குது எண்டு பிடிப்பம்."

"கண்ணுக்குத் தெரியுமோ?"

"எனக்கே தெரியாது, ஐயா."

அன்று முழுக்க ஊசி குத்திய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. காலை எட்டு மணி. வெள்ளிக்கிழமை எனக்கு விரதம். அம்மன் கோயில் மத்தியானப் பூசை முடியும்வரை தண்ணீரும் வாயில் வைப்பதில்லை. மச்சானிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். பூசை முடிந்த பிறகுதான் குளிசை குடித்தேன். ஆசுபத்திரி தந்த துண்டுக் காகிதத்தில் எட்டு மணி என்று எழுதினேன். பிந்தினேன் என்றால் ஆய்வில் இருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். ஆசுபத்திரியில் மூன்று மணிக்கு ஒரு தரம் இரத்தம் எடுத்தார்கள், நான்கு மணிக்கு ஒரு தரம்.

இரண்டு கிழமையின் பின் டொக்டர் கூப்பிட்டார். மனைவியும் வந்தாள்.

"எட்டு மணிக்குக் குடிச்சதின்ர அளவு பின்னேரம் இறங்கியிருக்க வேணும். உங்களுக்கு மூண்டு மணியில இருந்து நாலுக்கு இன்னும் ஏறுது. வலி வந்தா உங்கட உடம்பு இதைச் சரியான மெதுவா எடுக்குது போல. அப்பிடியெண்டா இந்த மருந்து சரிவராது. சுக்கானை விடுங்கோ, ஐயா."



"நான் பன்னிரண்டரைக்குத்தான் குடிச்சனான்," என்றேன். "விரதம்."

டொக்டர் பேனையை வைத்தார்.

"அம்மனை ஏமாத்தேல்லை. மெசினை ஏமாத்த ஏலேல்லை. என்னை மட்டும் ஏமாத்தப் பாத்தனீங்கள்."

"நாப்பது வருசமா என்னையும்தான்," என்றாள் மனைவி.

டொக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். வலி முற்றினால் வயிறும் வேலையை நிறுத்திவிடும். குளிசை அங்கேயே கிடக்கும். தலை இடிக்கத் தொடங்கியவுடன் குடித்துப் பார்த்துத்தான் மருந்துக்கு வலி கேட்கிறதா என்று சொல்லலாம். இன்னொரு தரம் பார்க்கத் தவணை தந்தார்.

அடுத்த வலியும் வெள்ளிக்கிழமைதான். உடனே குளிசையை எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, விரதம்?" என்றாள் மனைவி.

"அம்மனுக்கு விளங்கும்," என்றேன். ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினேன். ஒரு மணித்தியாலத்தில் வலி கலைந்தது. அதன் பிறகும் அப்படியே. இன்றைக்கும் நான்தான் ஓட்டுகிறேன்.

இந்தத் தலையிடி வருத்தம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். பொறுத்துக் கிடக்காதீர்கள். நேரத்தை மாற்றி எழுதாதீர்கள்.

முன்பு உடம்பு என்றால் எனக்குக் கையும் முதுகும்தான். இப்போது குளிசை விழுங்கினால் கண்ணை மூடி இருப்பேன். அது வயிற்றைக் கடந்து இரத்தத்தில் ஏறும் நேரம். மணிக்கூட்டில் கொஞ்சம்தான். எனக்கு அது நீளம். ஆராவது கதைத்தால் கையைக் காட்டி நிறுத்துவேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இருந்தும் கேட்டுக்கொண்டிருப்பேன்.