தொள்ளாயிரம் பக்கக் காடு

மின்கம்பிக்கு எட்டாத உயரம் வந்ததும், தான் நிற்கும் ஏணி வண்டிக் கூடையை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுகிறார். இடுப்பு வாரை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொள்கிறார். மோட்டார் ரம்பத்தைக் காலடியில் படுக்க வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையிலிருந்து புத்தகத்தை வெளியே எடுக்கிறார். செங்கல் கனம், ஒரு கையால் பிடிக்க முடியாது. கூடையின் விளிம்பில் பழைய சட்டை ஒன்றை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, விட்ட இடத்தைத் தேடுகிறார். கீழே ஏணி வண்டியின் டிரைவர் டீ சொல்லப் போகிறார். மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று துணை மின்நிலையத்திலிருந்து போன் வரும்வரை யாருக்கும் வேலை கிடையாது. போன் பத்து நிமிடத்திலும் வரலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம்.

மின்சார இலாகாவில் மரக்கிளை வெட்டும் பிரிவில் இவருக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. பாதி ஆயுளைக் கூடையில் கழித்ததால் எல்லோருக்கும் கூடைக்காரர். ஒல்லியான உடம்பு, பெரிய காது, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை எறும்புக் கடியின் கறுப்புப் புள்ளிகள். தெருவில் நடக்கும்போது எதிரே பார்த்து நடக்கத் தெரியாது. அண்ணாந்துகொண்டே போய் யார்மீதாவது இடித்துக்கொள்வார். உறவினர் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசல் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அந்த வடக்குக் கிளை இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்கு மேல சொல்ல முடியாது" என்பார். வீட்டுக்காரர் யாருக்கோ நாள் குறித்துவிட்டது போல முகத்தைச் சுளிப்பார்.

கிளையை வெட்டுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் அடியில் ஒரு அரை வெட்டு. பிறகு நாலு விரல் தள்ளி மேலிருந்து ஒன்று. கிளை பட்டையை உரிக்காமல் சுத்தமாக விழும். கடைசியாக மரத்தில் மிஞ்சிய கட்டையை, கிளை மரத்தோடு சேருகிற மடிப்பை ஒட்டி, அதைத் தொடாமல் எடுக்க வேண்டும். அந்த மடிப்புக்குக் கழுத்து என்று பெயர் வைத்திருக்கிறார். "கழுத்தை விட்டு வெட்டினா மரம் தானா மூடிக்கும். கழுத்துல கை வெச்சா அவ்வளவுதான்." எங்கே வெட்டுவது என்று அவர் முடிவு செய்வதில்லை. முதல் நாளே மேற்பார்வையாளர் வந்து சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டுப் போவார். ஒற்றைக் கோடு என்றால் வெட்டு. இரட்டைக் கோடு என்றால் தொடாதே, விட்டுவிடு. இருபத்தாறு வருடமாகக் கோட்டைப் பார்த்து நடந்த மனிதர் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புத்தகம் தொள்ளாயிரத்துப் பதினான்கு பக்கம். அட்டையில் பொன்னிற வட்டம், அதற்குள் விருதின் பெயர். ஒரு மலைக்காட்டின் இருநூறு வருடக் கதை. முதல் மனிதன் அறுபத்து மூன்றாம் பக்கத்தில்தான் தலையைக் காட்டுகிறான், அவனும் வழி தவறி வந்தவன். பெரிய பெரிய ஆட்களெல்லாம் புகழ்ந்து எழுதிய வரிகள் பின்னட்டையில் இருக்கின்றன. கூடைக்காரர் அதற்கு முன்னால் கடைசியாகப் படித்த புத்தகம் ரம்பத்தோடு வந்த கையேடு.

"அண்ணே, காட்டுல என்ன நடக்குது?" என்று கீழேயிருந்து டிரைவர் கேட்பார்.

"மழை பெய்யுது."

"நேத்தும் மழைதானே பெஞ்சுது?"

"முப்பத்தெட்டு பக்கமா பெய்யுது. இன்னும் விடல."

இப்படிப்பட்ட ஆள் இப்படிப்பட்ட புத்தகத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றால், அது மகள் அனுப்பியது. ஒரே மகள். ஒரு இரவுப் பயணத் தொலைவில் உள்ள பெருநகரத்தில் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை. சின்ன வயதில், அவர் வேலை முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்ததும் தலையிலிருந்து மரத்தூளைத் தட்டிவிடுவது அவள் பொறுப்பு. தட்டிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். தூள் போன பிறகும் கதை மிச்சமிருந்தால் சும்மாவாவது தட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் பள்ளியின் கடைசி வருடத்தில் அது நின்றுபோனது. பள்ளிக்கூட வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை முழுவதும் எடுக்கச் சொல்லி உத்தரவு. பிள்ளைகள் அட்டைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி நின்றார்கள். ஆசிரியர்கள் வந்து அவர்களை எதிர்ப்பக்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். கூடை மேலே போனது. மேலேயிருந்து பார்த்தபோது, கூட்டத்தின் முன்வரிசையில் அட்டையோடு நின்றது அவர் மகள். அவளும் அண்ணாந்து பார்த்தாள். அவர் தலைக்கவசத்தைக் கண்வரை இறக்கிவிட்டு ரம்பத்தின் கயிற்றை இழுத்தார். சாயங்காலம் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை, தலையைத் தானே தட்டிக்கொண்டு உள்ளே போனார்.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. ஐந்து வருடமாக அந்த மரத்தைப் பற்றி இருவரும் வாயைத் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். வேலை எப்படி, இருக்கு. அம்மாகிட்ட குடுக்கறேன். இரண்டு நிமிடம். அந்தப் பழைய பேச்சுக்காக அவர் ஏங்கிப்போய்விட்டார். வெளியே சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் அவர் பிறந்த நாளுக்குப் பார்சலில் புத்தகம் வந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே அங்கங்கே சில வரிகளுக்கு அடியில் மெல்லிய பென்சில் கோடு. மகள் நாலாம் வகுப்பிலிருந்தே பென்சிலும் கையுமாகப் படிப்பவள். அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் வாயால் சொல்லாததைக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் கோடு இருபத்தோராம் பக்கத்தில். 'வேர்கள் ஒன்றையொன்று பார்த்ததில்லை, தொட்டுக்கொண்டிருக்கின்றன.' அதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் நல்ல மனிதராக இருந்தார். நூற்றுப் பத்தாம் பக்கத்தில் வேறொன்று. 'விழுந்த மரத்தின் இடத்தில் வெயில் முதலில் வருகிறது, பிறகுதான் துக்கம்.' இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர், எதையும் ஊசி குத்துகிற மாதிரிதான் சொல்வார். "ஏங்க, பரீட்சைக்குப் படிக்கறவங்ககூட இப்படி இளைக்க மாட்டாங்க" என்றார்.

புத்தகத்தின்மீது அவருக்குள்ள அபிப்பிராயம் நாளுக்கு ஒன்று. "பாராட்டலாம்னு வாயைத் தொறந்தா திட்டு வருது. திட்டலாம்னு உக்காந்தா ஒரு வரி வந்து வாயை மூடிடுது" என்று டிரைவரிடம் குறைப்பட்டுக்கொள்வார். மரம் சாய்வதற்கு முன் உள்ளுக்குள் ஒரு சின்ன சத்தம் வரும், பெரிய வெடிப்புக்கு ரொம்ப முன்னாடி. பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் கேட்கும். எழுத்தாளர் அதை எழுதியிருந்தார். "இவரு நின்னு கேட்டிருக்காரு. ஆளு வேலை தெரிஞ்சவருதான்" என்று அன்று ஒத்துக்கொண்டார். அடுத்த பக்கத்திலேயே அந்த மரம் விழத் தொடங்கி, பதினோரு பக்கம் விழுந்தது. "நாலு விநாடிக்கு மேல எந்த மரமும் விழாது. இவரு விழவே விட மாட்டேங்கறாரு." இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. "இவ்வளவு பெரிய காட்டுல ஒருத்தன் சட்டைக்குள்ளயாவது எறும்பு போச்சா? போகல."

பெரிய கோபம் ஐந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் வந்தது. கோடரியோடு ஒருவன் காட்டுக்குள் வருகிறான். இரண்டே பக்கம். மலையின் மிகப் பழைய மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுப் போய்விடுகிறான். பெயர் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. "மரங்கொத்திக்குத் தாத்தா கதை வரைக்கும் இருக்கு. இவனுக்குப் பேரு கூட இல்ல" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடமே சொன்னார். மகள் "ம்" என்றாள். "ஆனா திரும்பி வருவான். இவ்வளவு பெரிய புத்தகத்துல அவனை அப்படியே விட்டுட மாட்டாரு" என்றார். "வந்தா சொல்லுங்கப்பா" என்றாள்.

ஆம், போன் நீண்டுபோயிருந்தது. கோடு போட்ட வரியை, கோட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல், அவர் படித்துக்காட்டுவார், அவள் ம் கொட்டுவாள். காட்டில் என்ன நடந்தது என்று அவர் சொல்வார், அவள் ம் கொட்டுவாள். இரண்டு நிமிடம் இருபது நிமிடமாகி ஏழு மாதம் ஆகிவிட்டது. பள்ளிக்கூட மரத்தை மட்டும் இருவரும் தொடவில்லை.

எழுநூற்று எழுபத்து நாலாம் பக்கத்தில் இரட்டைக் கோடு. புத்தகத்திலேயே அது ஒன்றுதான். 'அந்த வருடம் மழை பிந்தி வந்தது. வந்த பிறகு யாரும் அதைக் கோபித்துக்கொள்ளவில்லை.' கூடையில் நின்றபடி அதை நாலு தடவை படித்தார். இரட்டைக் கோட்டின் அர்த்தத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று போன் வந்து மின்சாரம் நின்ற பிறகும் அவர் ரம்பத்தை எடுக்காததால், டிரைவர் கீழேயிருந்து ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளாகக் கூப்பிடும்வரை பொறுக்கவில்லை, இவரே கூப்பிட்டார்.

"பாப்பா, எழுநூத்தி எழுபத்தி நாலு. ரெண்டு கோடு போட்டிருக்கியே. படிச்சேம்மா."

"என்ன கோடுப்பா?"

"பென்சில் கோடு. நீ போட்டது."

"நான் எங்கப்பா போட்டேன்? அது பழைய புத்தகக் கடையில வாங்கினது. யாரு போட்டதோ. நான் படிக்கவே இல்லப்பா. மரத்தைப் பத்தின்னு போட்டிருந்துச்சு, உங்களுக்கு ஆகும்னு எடுத்தேன்."

"அப்படியா" என்றார். "சரி சரி. அம்மாகிட்ட குடுக்கறேன்."

அந்த வாரம் புத்தகம் வண்டியில் சீட்டுக்கு அடியில் கிடந்தது. கூடையில் சும்மா நின்றார். முகம் தெரியாத ஒரு ஆளின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் அழுததும் சிரித்ததும் நினைக்க நினைக்கக் கூசியது. அதைவிட, ஐந்து வருடக் கேள்வி ஒன்று தீர்ந்துவிட்டதாக நினைத்து மூன்று நாள் சந்தோஷமாக இருந்துவிட்டார், அந்தச் சந்தோஷம் திரும்ப வேண்டும் போல இருந்தது. "காட்டுல மழை விட்டுதாண்ணே?" என்று டிரைவர் கேட்டதற்கு இடுப்பு வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் மட்டும் புத்தகத்தை எடுத்து, மிச்சமிருந்த பக்கங்களை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தார். கோடரிக்காரன் வரவில்லை. கடைசிப் பக்கம்வரை அவன் திரும்பி வரவே இல்லை.

சனிக்கிழமை சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி கேட்டுவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "படிக்காத கதைக்கு ஏழு மாசமா உக்காந்து ம் போட்டிருக்கா. என்கிட்ட ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டா அந்தக் கழுதை" என்றார். இதில் தனக்கு ஆறுதல் இருக்கிறதா, மனைவிக்குப் பொறாமையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். வேலை எப்படி. இருக்கு. "அம்மாகிட்ட..." என்று அவர் தொடங்கும்போதே மகள் குறுக்கே பேசினாள்.

"அப்பா, அந்தக் கோடரிக்காரன் என்ன ஆனான்? திரும்பி வந்தானா?"

தையல் மெஷினின் சத்தம் நின்றது. அவர் எழுந்து போய், முந்தின நாள் வண்டியிலிருந்து கொண்டுவந்து அலமாரிமேல் வைத்திருந்த புத்தகத்தை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வந்தான்" என்றார்.

"வந்து?"

"ஒரு நாள் காலையில அவனை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறாங்க. வாசல்ல ஒரு மரம் நிக்குது. அதை எடுத்துடணும்னு உத்தரவு. அவன் கூடையில ஏறி மேல போறான்."

அந்த மலைக்காட்டுக் கதைக்குள் பள்ளிக்கூடமும் கூடையும் எப்படி வந்தன என்று மகள் கேட்கவில்லை.

"மேலேர்ந்து கீழ பார்க்கறான். கூட்டத்துல முன்னாடி ஒரு பொண்ணு நிக்குது."

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"அப்புறம்ப்பா?" என்றாள் மெதுவாக.

அவர் மடியில் இருந்த புத்தகத்தை ஏதோ ஒரு இடத்தில் பிரித்து, போனுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, அவளுக்குக் கேட்கும்படி ஒரு பக்கத்தைத் திருப்பினார்.