வரைபடத்துக்கு வைத்த பொட்டு

மலாயாவில் கூலாய்க்கு அருகே இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அப்போது கிணறு கிடையாது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் ஆற்றில்தான் தண்ணீர் மொள்ள வேண்டும். மழை பெய்தால் அது தேநீர் நிறத்தில் வரும். அதைக் குடித்து வயிற்றுப்போக்கில் விழுந்த என் தம்பி பிழைத்ததே பெரிய காரியம். ஆகவே துரை கிணறு வெட்டச் சம்மதித்தபோது, லயமே அதைக் கலியாணப் பேச்சுபோலப் பேசியது.

தோட்டத்தின் வரைபடத்தைப் பார்த்து, கிணறு வெட்டுபவருக்காக இன்னொன்று வரையும் வேலை என் மாமாவுக்கு வந்தது. அம்மாவின் தம்பியான அவர் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. கிணறு வர வேண்டிய பள்ளத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தார். சிவப்பென்றால் கிணறு என்று ஓரத்தில் எழுதவில்லை. அது ஊருக்கே தெரியும் என்பது அவர் நினைப்பு.

புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் அம்மாவுக்குப் பொட்டு வைத்தாக வேண்டும். புது முறம், புதுச் சட்டை, கங்காணியின் சைக்கிள், எதுவும் தப்பியதில்லை. தன் தம்பி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வரைபடத்தை விடுவாளா? நாலு மூலையிலும் குங்குமம் வைத்தாள். மூன்று பொட்டுகள் வெறுங்காகிதத்தில் விழுந்தன. ஒன்று மட்டும் தோட்டத்து மேட்டின்மேல் விழுந்தது. மாமா பார்த்துச் சிரித்துவிட்டுச் சுருட்டி எடுத்துப் போனார். குங்குமத்துக்கும் மைக்கும் வித்தியாசம் தெரியாதவர் உண்டா என்ன?

இருந்தார். துரை சிங்கப்பூர் போயிருந்த சமயம் கிணறு வெட்ட வந்த சீனர், மேட்டுப் புள்ளியில் தொடங்கினார். மேலிருந்து தண்ணீரை இறக்குவது சுலபம் என்று அவருக்குப் பட்டிருக்கும். ஆழத் தோண்டியதும் பாறை வந்தது. துரை திரும்பியபோது, கிணற்றுக்கென்று ஒதுக்கியதெல்லாம் அந்தக் குழியோடு போயிருந்தது. இனி அடுத்த வருடம்தான் என்று சொல்லிவிட்டார்.

ஆபீஸ் வாசலில் எல்லோரையும் நிற்க வைத்து, வரைபடத்தை விரித்து, துரை தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"இந்தச் செவப்பு யார் வச்சது?"

அம்மா முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தாள். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நான்தாங்க தொரை. மை சொட்டிருச்சு. எது என்னன்னு ஓரத்துல எழுதியும் வைக்கல. படம் போற எடத்துக்கெல்லாம் போட்டவன் கூடவே போய் நிக்க முடியுங்களா? தப்பு என்னோடதுதான்."

மறுநாள் விடியலில் மாமா பால்வெட்டுக் கத்தியோடு மரங்களுக்கிடையே போனார். நாற்காலி வேலை அதோடு சரி.

எனக்கு அவர்மேல்தான் கோபம். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே.

"மாமா பொய் சொல்லிட்டாரும்மா. அது நீ வச்ச குங்குமந்தானே?"

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். திரும்பி வந்ததும் முதல் குடத்தை மாமா வீட்டு வாசலில் இறக்கினாள். கிணறு வரும்வரை தினமும் அப்படித்தான்.

வீட்டில் நாங்கள் இத்தனை பேர் தண்ணீருக்குக் காத்திருக்க, பொய் சொன்னவருக்கு எதற்கு முதல் குடம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.