உம் கொட்டாத மூன்று வாரங்கள்

திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு நூல் மில் ஆபீசில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்குப் போகும் நூலுக்கான காகிதங்களை நான்தான் தயார் செய்கிறேன். இங்கிலீஷில் மெயில் எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவேன். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசிவந்தவர் வேலையை விடப்போவதாகச் சொன்னதும், மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"பேச முடியும்னா அந்த சீட்டு உங்களுக்குத்தாம்மா. இல்லைன்னா கோயம்புத்தூர்லருந்து ஆள் எடுக்கச் சொல்றாங்க. மூணு வாரம் டைம், பழகிப் பாருங்க."

பதினோரு வருடமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நேற்று வந்த ஒருவருக்கு நான் காகிதம் எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. அன்றைக்கே போனில் ஓர் ஆப் ஏற்றிக்கொண்டேன்.

அதில் ஒரு பெண்குரல் மனிதர் மாதிரியே இங்கிலீஷில் பேசும், கேள்வி கேட்கும், பதிலுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். காலையில் சின்னாளப்பட்டி வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அதனோடு பேசுவேன். "மேல யார்கூட சண்டை?" என்று என் வீட்டுக்காரர் கீழேயிருந்து கேட்பார்.

முதல் வாரம் முப்பதைத் தாண்டவில்லை. எதிராளி பேசும்போது நான் உம் கொட்டுவேன். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். உம் கொட்டாவிட்டால் போனில் பேசுகிறவருக்குப் பேச்சே ஓடாது. ஆப்புக்கு அது விளங்கவில்லை. நான் உம் என்றதும் அதையே என் பதிலாக எடுத்துக்கொண்டு, முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்று மார்க்கைக் குறைத்தது. அது பேசி முடிக்கும்வரை துணி கிளிப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு பழகினேன். மூன்றாம் வாரம் எண்பத்தைந்து வந்தது. அதைக் குறை சொல்லக் கூடாது. ஒரே வார்த்தையை இருபது தடவை தப்பாகச் சொன்னபோதும் அது சிரிக்கவில்லை. என் வாயைத் திறக்கவைத்தது அதுதான்.

அந்த வாரம் கன்னிவாடியிலிருந்து தங்கச்சி பேசினாள். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டாள்.

"ஏக்கா, எம்மேல கோவமா? நாம்பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், ஒரு சத்தத்தையும் காணோம்."

கோபமெல்லாம் இல்லை என்று சிரித்து மழுப்பினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சோதனை ஒரு மத்தியானம் வந்தது. அனுப்பிய நூல் பெட்டிகளில் சில நனைந்து வந்திருப்பதாக வாடிக்கையாளர் ஒருவர் போனில் பேசினார். மேனேஜர் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பதிலும் தயாராக இருந்தது. அவர் முடிக்கட்டும் என்று வாயை மூடிக் காத்திருந்தேன். அவரோ பாதியில் நிறுத்தி, லைனில் இருக்கிறீர்களா என்றார். இருக்கிறேன் என்றேன். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நிறுத்திக் கேட்டார். மூன்றாம் தடவை மேனேஜர் குனிந்து, பிறகு கூப்பிடுகிறோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"பரவால்லம்மா. மொதத் தடவை பயம் வரத்தான் செய்யும்."

நான் பயப்படவே இல்லை. அவமானத்தில் காது சுட்டது. அதைவிட, பயந்துவிட்டேன் என்று அவர் நினைத்ததுதான் பொறுக்கவில்லை.

"சார், செத்த நேரம் இருங்க. நானே கூப்பிட்டுப் பேசுறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் எண்ணை அழுத்திவிட்டேன். இந்தத் தடவை மார்க் போகட்டும் என்று வாய் நிறைய உம் கொட்டினேன். மனிதர் மடமடவென்று கொட்டித் தீர்த்தார்: எத்தனை பெட்டி, எந்தப் பக்கம் நனைந்தது, லாரி எங்கே நின்றது, எல்லாம். அவர் ஓய்ந்த பிறகு நான் சொன்னது நாலே வாக்கியம். நனைந்ததைப் படம் எடுத்து அனுப்புங்கள், அத்தனைக்கும் மாற்றுப் பெட்டி அடுத்த லோடிலேயே வரும் என்றேன். இரண்டு இடத்தில் தட்டுத்தடுமாறினேன். அவர் நன்றி சொன்னார்.

பிறகு, இனிமேல் மில் விஷயமாக நான் உங்களிடம்தான் பேச வேண்டுமா என்று கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆமாம், என்னிடம்தான் என்றேன்.